உடன் உறையும் வாரம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே போதக ஊழியத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்து இறையியல் கல்லூரியில் சேருகிறவர்களுள் பலர் இன்று, பகலெல்லாம் பள்ளிக்கூடத்திலோ மருத்துவமனையிலோ வேலை பார்த்துவிட்டு, பிள்ளைகளை உறங்க வைத்த பிறகு கணினித் திரைக்கு முன் அமர்ந்து எபிரேய இலக்கணமும் திருச்சபைச் சரித்திரமும் கற்பவர்களாக இருக்கிறார்கள். மூன்று வருஷப் படிப்பு இவர்களுக்கு நாலைந்து வருஷமாக நீளக்கூடும். ஆனால் வீட்டையும் ஜீவனோபாயத்தையும் விட்டுப் பெயர வேண்டிய நிர்ப்பந்தம் இல்லை. இத்தகைய மாணாக்கர் வருஷத்தில் ஓரிரு முறையேனும் கல்லூரிக்கு நேரில் வந்து சில நாட்கள் ஒருங்கே தங்கிப் பயில வேண்டும் என்ற ஏற்பாட்டை, மிச்சிகன் மாநிலத்து ஹாலண்ட் நகரிலுள்ள வெஸ்டர்ன் இறையியல் கல்லூரி, மினசோட்டா மாநிலத்து லூத்தர் இறையியல் கல்லூரி போன்றவை மேற்கொண்டன. அந்தச் சில நாட்களை எதற்காகச் செலவிட வேண்டும் என்பதே இங்கே சிந்திக்க வேண்டிய விஷயம்.

அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் இறையியல் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் சங்கம் பிட்ஸ்பர்க் நகரில் இருக்கிறது. போதகர் பயிற்சிக்குரிய எம்.டிவ். பட்டத்தில் ஒரு வருஷத்துக்கு ஈடான படிப்பையாவது வளாகத்திலேயே முடிக்க வேண்டும் என்று நெடுங்காலம் விதித்திருந்த அச்சங்கம், பின்னர் சில கல்லூரிகளுக்கு விலக்களித்து, 2020-ஆம் ஆண்டில் நிறைவேறிய புதிய நியதிகளில் அந்தக் கட்டாயத்தையே நீக்கிவிட்டது. ஆகவே இன்று ஒரு கல்லூரி தன் மாணாக்கரை விமானம் ஏறி வரச் சொல்லுமானால், விதியைக் காட்டி அழைக்க முடியாது. அவர்கள் வந்து பெறப்போகும் பயனைக் காட்டித்தான் அழைக்க முடியும். இது நன்மைக்கே என்று கருதுகிறேன்.

தூரத்தில் இருந்தபடியே இறையியல் கற்பது திரையோடு பிறந்த வழக்கம் என்று எண்ணுவது சரியன்று. 1963-ஆம் ஆண்டிலேயே குவாத்தமாலா நாட்டுப் பிரஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரி, நிலத்தையும் குடும்பத்தையும் விட்டு வர இயலாத கிராமத்துச் சபைத் தலைவர்களுக்காக, வீட்டிலிருந்தே கற்கத்தக்க பாடநூல்களை ஆக்கிக் கொடுத்து, வாரத்துக்கு ஒரு முறை ஆசிரியர் அவர்களுக்கு அண்மையிலுள்ள ஊருக்குச் சென்று அவர்களைச் சந்திக்கும்படி செய்தது. ரால்ஃப் வின்டர், ஜேம்ஸ் எமெரி, ராஸ் கின்ஸ்லர் ஆகியோர் வளர்த்த அந்த முறை பல தேசங்களுக்கும் பரவி, 1971-இல் பெங்களூரில் டாஃப்டி என்ற ஸ்தாபனமாக வேரூன்றி, தமிழிலும் பாடங்களை அளித்து வருகிறது. அதில் கவனிக்கத்தக்கது, நூல் எவ்வளவு சிறப்பாக எழுதப்பட்டிருந்தாலும் வாராந்தரச் சந்திப்பை அவர்கள் கைவிடவில்லை என்பதே.

இவ்விஷயத்தில் நமக்கு மிகுந்த போதனை தருவது ஃபின்கன்வால்டே. ஹிட்லரின் ஆட்சிக்கு அடிபணிய மறுத்த ஜெர்மானியச் சபையினர், 1935-ஆம் ஆண்டு பால்டிக் கடற்கரையிலுள்ள ஸிங்ஸ்ட் என்னுமிடத்தில் தொடங்கி, சில வாரங்களுக்குள் ஸ்டெட்டின் நகருக்கு அருகிலிருந்த ஃபின்கன்வால்டேவுக்கு மாற்றிய சிறு குருமடத்தை இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் நடத்தினார். பல்கலைக்கழகப் படிப்பை முன்பே முடித்திருந்த இளைஞர்களை ஒரே கூரையின் கீழ் சில மாதங்கள் வாழ வைத்து, நாள்தோறும் காலையிலும் மாலையிலும் கூடி ஜெபிக்கவும், ஒரே வேதபகுதியை வாரம் முழுவதும் தினம் அரைமணி நேரம் மௌனமாகத் தியானிக்கவும், உடனில்லாத சகோதரனைப் பற்றிப் புறத்தே பேசாதிருக்கவும் அவர் பழக்கினார். 1930-31-இல் நியூயார்க்கின் யூனியன் இறையியல் கல்லூரியில் பயின்றபோது தம் மனத்தைக் கவர்ந்த நீக்ரோ ஞானப்பாடல்களின் இசைத்தட்டுகளை அவர்களுக்குப் போட்டுக் காட்டியதும் உண்டு. 1937 செப்டம்பரில் ஹிட்லர் ஆட்சியின் இரகசியக் காவல்துறையான கெஸ்டபோ அந்த வீட்டைப் பூட்டி முத்திரையிட்டது. அதற்கு முன்பும் பின்பும், பல ஊர்களுக்குச் சிதறிப்போன மாணாக்கருக்கு அவர் சுற்றுக்கடிதங்கள் எழுதி, அந்தந்த வாரத்தில் எல்லோரும் தியானிக்க வேண்டிய பகுதியைக் குறித்தனுப்பியதோடு, இயன்றபோது அவர்களைச் சில நாட்கள் கூடித் தங்கும்படி மீண்டும் அழைக்கவும் செய்தார். பிரிந்திருப்போரைக் கடிதம் இணைத்து வைத்தது. ஆனால் அக்கடிதத்துக்குப் பொருள் தந்தது, ஒரு காலத்தில் ஒரே மேஜையைச் சுற்றி அமர்ந்து உண்டதும், பிணங்கியதும், மன்னிப்புக் கேட்டதுமான அந்த வாழ்வே என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இதனாலேயே, உடனுறை வாரத்தைக் காலை முதல் மாலை வரை விரிவுரைகளால் நிரப்பிவிடும் கல்லூரி, தன்னிடமுள்ள அரிய நாட்களைத் தானே வீணாக்குகிறது என்று சொல்லுகிறேன். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் வியாக்கியானத்தைத் திரையில் கேட்டாலும் கேட்கலாம். வேண்டுமானால் இரண்டாம் முறையும் கேட்டுக் குறிப்பெடுக்கலாம். ஆளில்லாத அறையில் கைபேசியை நிறுத்திப் பிரசங்கித்து, அதன் பதிவை ஆசிரியருக்கு அனுப்புகிற மாணவி, தன் குரல் எங்கே தாழ்ந்தது என்பதை அறிவாள். எந்த வாக்கியத்தில் கேட்போரின் கண் அவளை விட்டு விலகியது என்பதை எவ்வாறு அறிவாள்? ஞானஸ்நானம் கொடுக்கப் பழகுகையில் பொம்மையைக் கையில் ஏந்தி, தண்ணீரையும் பிரார்த்தனைப் புத்தகத்தையும் குழந்தையின் தலையையும் ஒருசேரக் காத்துக்கொள்ளும் வித்தை, பக்கத்தில் நின்று முழங்கையைத் தொட்டுத் திருத்துகிற ஆசிரியர் இருந்தால் விரைவில் கைவரும். அடக்க ஆராதனையை நடத்துவதும், மரணப் படுக்கையருகே பேச்சின்றி அமர்ந்திருப்பதும், திருவிருந்தில் அப்பத்தைப் பிட்கும்போது கை நடுங்காதிருப்பதும் இவ்வகையினவே. இவற்றோடு, பாத்திரம் கழுவும் வேளையிலும் இரவில் படிக்கட்டில் அமர்ந்திருக்கும் வேளையிலும், தன் அழைப்பைப் பற்றித் தனக்கு எழுந்துள்ள ஐயத்தை ஒருவன் மற்றொருவனிடம் வாய்விட்டுச் சொல்லுவதற்கு, அட்டவணையில் எழுதாத அவகாசம் வேண்டும்.

எனினும் ஏழை மாணாக்கருக்கு இது பெரும் பாரம். விமானக் கட்டணம், அறை வாடகை, ஊதியமின்றி எடுக்கும் விடுப்பு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் ஆகிய இவற்றையெல்லாம் தானே தாங்கிக்கொள் என்று சொல்லுவது, இணையவழிக் கல்வி யாருக்காகத் திறக்கப்பட்டதோ அவர்களுக்கே கதவை அடைப்பதாகும். இவர்களுள் சிலர் படிக்கும்போதே சிறு கிராமச் சபைகளுக்கு ஊழியம் செய்பவர்கள். அவர்கள் ஒரு ஞாயிறு வராவிட்டால் அந்தப் பீடத்தில் நிற்க வேறு ஆள் இராது. ஆகையால் தங்கும் செலவையும் உணவையும் கல்லூரியே ஏற்பதும், கைக்குழந்தையோடு வரும் தாய்க்கு அறையும் உதவியும் அளிப்பதும், லெந்து நாட்களையும் கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரங்களையும் தவிர்த்துத் தேதியை ஒரு வருஷம் முன்னதாகவே அறிவிப்பதும், அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுப் போதகரை அனுப்பும்படி பிராந்தியத் திருச்சபை நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்வதும், நிதி திரண்ட பின் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைக்கத்தக்கவை அல்ல. மாணாக்கரை வரச் சொல்லும் முதற் கடிதத்திலேயே இவை இடம்பெற வேண்டும்.