செய்தி சொன்னவர் குற்றவாளியா?

பாங்கி என்பது நம்பிக்கையின்மேல் நிற்கும் ஸ்தாபனம். பணம் போட்டவர்கள் அனைவரும் ஒரே நாளில் வந்து கேட்டால், திருப்பிக் கொடுக்கவல்ல பாங்கி உலகில் எங்குமில்லை. அப்படியிருக்க, ஒரு பாங்கி சங்கடத்தில் இருக்கிறதென்ற செய்தி ஒரு நிருபரின் கைக்கு எட்டினால் அவர் என்ன செய்வது? வெளியிட்டால் பாங்கி முறியலாம். மறைத்தால் பணம் போட்ட எளிய ஜனங்கள் ஏமாறலாம். இத்தகைய தர்மசங்கடம் 2007-ம் வருஷம் பிரிட்டனில் ஒரு டெலிவிஷன் நிருபருக்கு நேர்ந்தது. அவர் செய்தியை வெளியிட்டார். அது நியாயமே என்பது நமது திடமான அபிப்பிராயம்.

அந்த நிருபர் ராபர்ட் பெஸ்டன். 1960-ல் பிறந்தவர். தந்தையார் மாரிஸ் பெஸ்டன் பொருளாதாரப் பேராசிரியர். பிற்காலத்தில் பிரபுக்கள் சபை அங்கத்தினர். ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் படித்த குமாரர், சிறிது காலம் பங்குத் தரகுக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டுப் பத்திரிகைத் தொழிலில் புகுந்தார். 1990-களில் 'பைனான்ஷியல் டைம்ஸ்' பத்திரிகையில் பாங்கி விவகாரங்களிலும் அரசியலிலும் தேர்ச்சி பெற்றார். 2006-ல் பி.பி.சி.யின் வர்த்தக ஆசிரியரானார். சொற்களை இழுத்து இழுத்து, நினையாத இடத்தில் நிறுத்திப் பேசுவது அவர் வழக்கம். டெலிவிஷனுக்கு ஏற்ற பேச்சு இதுவன்று என்று குறை கூறியவர் பலர். ஆயினும் குரலில் இல்லாத கவர்ச்சி செய்தியில் இருந்தது.

நியூகாஸில் நகரத்து நார்தர்ன் ராக் பாங்கி, வீடு வாங்குவோருக்குக் கடன் கொடுத்து வளர்ந்தது. அக்கடனுக்கு வேண்டிய பணத்தின் பெரும்பகுதியை அது ஜனங்களின் சேமிப்பிலிருந்து பெறவில்லை; பண மார்க்கெட்டில் கடனாக வாங்கிற்று. 2007 ஆகஸ்டில், அமெரிக்க வீட்டுக் கடன்களின் மதிப்பில் சந்தேகம் பிறந்து, பாங்கிகள் ஒன்றையொன்று நம்பிக் கடன் கொடுக்க மறுத்தன. நார்தர்ன் ராக்கின் ஊற்று வற்றியது. செப்டம்பர் 13-ந் தேதி இரவு, அந்தப் பாங்கி இங்கிலாந்து பாங்கியிடம் அவசர உதவி கோரிப் பெற்றிருக்கிறதென்று பெஸ்டன் அறிவித்தார். பணம் போட்டவர்கள் பீதியடையக் காரணமில்லை என்றும் சேர்த்தே சொன்னார். மறுநாள் காலையில் கிளைகளின் வாசலில் ஜனங்கள் வரிசை வரிசையாய் நின்றார்கள். 1866-ல் ஓவரெண்ட் கர்னி கம்பெனி வீழ்ந்த பிறகு இங்கிலாந்து கண்டிராத காட்சி இது என்று பலர் எழுதினார்கள்.

'வீட்டுக்குத் தீ வைத்தவர் பெஸ்டனே' என்பது எதிர்க்கட்சியாரின் வாதம். சாட்சியத்தைப் பரிசீலிப்போம். 2008 ஜனவரியில் அறிக்கை வெளியிட்ட பார்லிமெண்டின் பொக்கிஷக் கமிட்டி, பாங்கியின் கஷ்டங்களுக்கு முதற் காரணம் அதன் டைரக்டர்களே என்று முடிவு கூறியது. நிருபர் வாய் திறக்குமுன்பே பாங்கி கடன் தருவாரின்றித் தவித்தது.

வரிசையில் நின்றவர்களை மூடர்கள் என்று சிலர் எள்ளினர். அவர்கள் மூடர்களல்லர். அன்றிருந்த திட்டத்தின்படி, பாங்கி முறிந்தால் முதல் 2,000 பவுனுக்கே முழு ஈடு, அடுத்த 33,000 பவுனுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு, அதற்குமேல் ஒன்றுமில்லை. வாழ்நாள் முழுதும் சேர்த்ததை இப்படி ஆபத்தில் விட்டுவிட்டு வீட்டில் உறங்குவதா விவேகம்? செப்டம்பர் 17-ந் தேதி நிதி மந்திரி அலிஸ்டர் டார்லிங், அங்குள்ள டிபாசிட்டுகளுக்குச் சர்க்காரே பொறுப்பு என்றார். அதன்பின் வரிசைகள் கரைந்தன. ஆகவே, முதலில் இல்லாதிருந்தது மௌனமன்று, உத்தரவாதமே.

பாங்கியின் நிலைமை டைரக்டர்களுக்குத் தெரியும், அதிகாரிகளுக்குத் தெரியும். சில நூறு பவுன் போட்டிருந்த கிழவிக்கு மட்டும் தெரியக்கூடாதென்பது என்ன நீதி? அறிந்தவர் தப்புவதும் அறியாதவர் அகப்படுவதுமே இரகசியத்தின் பலன்.

ஆயினும் பெரியதொரு கேள்வி எழுந்தது. பாங்கி நெருக்கடிக் காலங்களில் நிருபர்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கலாமா என்பதை அதே கமிட்டி 2009-ல் விசாரித்தது. பிப்ரவரியில் பெஸ்டனும் வேறு சில பத்திரிகாசிரியர்களும் அதன்முன் ஆஜரானார்கள். இங்கேதான் நாம் விழிப்பாயிருக்க வேண்டும். எது நெருக்கடி என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கும்? எவருடைய தவறு வெளிப்படுமோ அவரிடமே! செய்தி வராத நாளிலெல்லாம் ஜனங்கள் வதந்தியை நம்புவார்கள். வதந்திக்குப் பொறுப்பாளி இல்லை, திருத்தமும் இல்லை.

நிருபருக்குக் கடமை இல்லையென்று நாம் சொல்லவில்லை. பாங்கியைப்பற்றிய பொய்ச் செய்தி கொள்ளைக்குச் சமானம். தீர விசாரிப்பதும், அறிந்ததை அளவோடு சொல்வதும் அவருக்கு விதி. பெஸ்டன் சொன்னது மெய். அளவு மீறியும் சொல்லவில்லை.

நார்தர்ன் ராக் 2008 பிப்ரவரியில் சர்க்கார் உடைமையாயிற்று. பெஸ்டன் 2013-ல் பி.பி.சி.யின் பொருளாதார ஆசிரியராகி, பின்னர் ஐ.டி.வி.க்கு அரசியல் ஆசிரியராய்ச் சென்றார். உண்மையைக் கேட்டதும் முறியும் பாங்கி, முன்பே உள்ளுக்குள் முறிந்த பாங்கிதான். அதைச் சொன்னவரைத் தண்டிப்பது, ஊமைக் காவற்காரனுக்குச் சம்பளம் கொடுப்பதாகும்.