டிரா வரைக்கும்தான் சலுகை

1947 டிசம்பர் 5. நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 15வது ரவுண்டு முடிந்து மணி அடித்ததும் ஜோ லூயிஸ் ரிங்கை விட்டு இறங்கப் பார்த்தார். முடிவு இன்னும் அறிவிக்கப்படவில்லை. பத்து வருடங்களாக உலக ஹெவிவெயிட் பட்டத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர், அன்று முதல் ரவுண்டில் ஒரு தடவை, நான்காவதில் ஒரு தடவை என்று தரையில் விழுந்து எழுந்திருந்தார். தோற்றுவிட்டோம் என்றே முடிவு கட்டிவிட்டார். கூட இருந்தவர்கள்தான் பிடித்து நிறுத்தினார்கள்.

எதிரே நின்றவர் ஜெர்சி ஜோ வால்காட். வயது 33. அவர் 15 ரவுண்டு தாக்குப்பிடிப்பார் என்றுகூடப் பெரும்பாலானவர்கள் நினைக்கவில்லை. முடிவு வந்தது. ஒரு நடுவர் 9-6 என்றும், இன்னொருவர் 8-6 என்றும் லூயிஸ் பக்கம் எழுதியிருந்தார்கள். அன்றைய வழக்கப்படி ரெஃப்ரிக்கும் ஒரு ஓட்டு உண்டு. சண்டையை ஒரு கை தூரத்தில் நின்று பார்த்த ரூபி கோல்ட்ஸ்டீன் 7-6 என்று வால்காட்டுக்குப் போட்டிருந்தார். இரண்டுக்கு ஒன்று, பட்டம் லூயிஸிடமே தங்கியது. அரங்கம் முழுக்க எதிர்ப்புக் கூச்சல்.

அந்தத் தீர்ப்புக்கு அப்போது சொல்லப்பட்ட நியாயம் இன்றுவரை உயிரோடு இருக்கிறது. கடைசி ரவுண்டுகளில் வால்காட் பின்வாங்கிக்கொண்டே இருந்தாராம். பட்டத்தைப் பறிக்க வந்தவர் இப்படி ஒதுங்கலாமா? சாம்பியனைவிட ஒரு படி மேலே இருந்தால் போதாது, சந்தேகத்துக்கு இடமில்லாமல் வீழ்த்த வேண்டும் என்பார்கள். வர்ணனையாளர்கள் சொல்கிறார்கள், பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள், தோற்றவர்களே சொல்லித் தலையாட்டுகிறார்கள். ஆனால் விதிப்புத்தகத்தில் அப்படி ஒரு வரி கிடையாது.

இருக்கிற விதி எளிமையானது. இன்று மூன்று நடுவர்கள் ரிங்கின் மூன்று பக்கங்களில் தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் அதை ஜெயித்தவருக்கு 10, மற்றவருக்கு 9. கீழே விழுந்தால் 8. சுத்தமாக விழுந்த குத்துகள், பலன் தந்த ஆக்ரோஷம், ரிங்கைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்த விதம், தற்காப்பு ஆகிய நான்கையும்தான் பார்க்கச் சொல்கிறார்கள். இடுப்பில் பட்டம் கட்டி வந்தவர் யார் என்பது அதில் இல்லை. மொத்தக் கணக்கு சமமாக முடிந்தால் பட்டம் பழையவரிடமே இருக்கும். சாம்பியனுக்கு விளையாட்டு கொடுத்திருக்கும் சலுகை அது ஒன்றுதான். அது நியாயமானது என்றே நினைக்கிறேன். வந்தவர் ஜெயிக்கவில்லை, இருப்பவர் தோற்கவில்லை. அப்புறம் பட்டம் ஏன் கை மாற வேண்டும்?

அதற்கு மேல் கேட்பதுதான் அநியாயம். அது எவ்வளவு பெரிய அநியாயம் என்பது கணக்குப் போட்டால்தான் தெரியும். 12 ரவுண்டு சண்டை என்று வைத்துக்கொள்வோம். சவாலுக்கு வந்தவர் 5 ரவுண்டுகளைத் தெளிவாக ஜெயிக்கிறார். சாம்பியன் 3 ரவுண்டுகளைத் தெளிவாக ஜெயிக்கிறார். மீதி 4 ரவுண்டுகள் இப்படியா அப்படியா என்று இழுபறி. அந்த நான்கையும் நேர்மையாகப் பார்த்து ஆளுக்கு இரண்டாகப் பிரித்தால், வந்தவர் 115-113 என்று ஜெயிக்கிறார். இழுபறி என்றாலே சாம்பியனுக்கு என்று ஒரு நடுவர் மனதுக்குள் வைத்திருந்தால், அதே 115-113 தலைகீழாகிறது. முடிவை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு "நெருக்கமான சண்டை, சாம்பியன் தப்பித்தார்" என்று தோன்றும். உண்மையில் வந்தவர் ஜெயித்த இரண்டு ரவுண்டுகள் அவரிடமிருந்து எடுக்கப்பட்டிருக்கின்றன. வகுப்பில் முதல் மாணவன் என்பதற்காக அவன் விடைத்தாளில் அரைகுறை பதில்களுக்கெல்லாம் முழு மதிப்பெண் போடுகிற வேலை இது.

தப்புக்கணக்கு நடுவர்களிடம் மட்டும் இல்லை. பட்டம் என்னவோ கல்லில் செதுக்கியது, தெளிவாக வென்றால்தான் கை மாறும் என்ற எண்ணம் இருந்தும்கூட, சவால்காரர்களின் மூலையில் நிற்பவர்கள் முன்னிலையில் இருக்கிறோம் என்று தப்புக்கணக்கு போட்டுப் பட்டத்தை விட்டிருக்கிறார்கள். 1976 செப்டம்பர் 28, யாங்கி ஸ்டேடியம். முகமது அலிக்கும் கென் நார்ட்டனுக்கும் மூன்றாவது சண்டை. 14 ரவுண்டு முடிந்தபோது இரண்டு நடுவர்களின் சீட்டில் 7-7. நார்ட்டனின் மூலையிலோ, ஜெயித்தாகிவிட்டது, கடைசி ரவுண்டில் ஜாக்கிரதையாக இரு என்றார்கள். அவர் ஜாக்கிரதையாக இருந்தார். அலி அந்த ரவுண்டை எடுத்தார், பட்டத்தைத் தக்கவைத்தார். அன்று நார்ட்டன்தான் ஜெயித்தார் என்று சொல்பவர்கள் இன்றும் ஏராளம். நானும் அந்தக் கட்சிதான். ஆனாலும் 15வது ரவுண்டை அவர் கையிலிருந்து யாரும் பிடுங்கவில்லை, அவராகவே விட்டார்.

அதே நார்ட்டன் 1978 ஜூன் 9 அன்று சாம்பியனாக ரிங்குக்கு வந்தார். அந்தப் பட்டம் உலகக் குத்துச்சண்டை கவுன்சில் அறிவித்துக் கொடுத்தது. எதிரே லாரி ஹோம்ஸ். 15 ரவுண்டு, மூச்சு வாங்கும் சண்டை. இரண்டு நடுவர்கள் ஹோம்ஸுக்கு 143-142, ஒருவர் நார்ட்டனுக்கு 143-142. ஒரே ஒரு புள்ளியில் பட்டம் கை மாறியது. தெளிவாக வெல்ல வேண்டும் என்பது சட்டமாக இருந்திருந்தால் ஹோம்ஸ் என்ற சாம்பியனே அன்று பிறந்திருக்க மாட்டார். ஏழு வருடம் கழித்து, 48 சண்டைகளில் ஒன்றுகூடத் தோற்காத அதே ஹோம்ஸை லைட் ஹெவிவெயிட்டிலிருந்து மேலே வந்த மைக்கேல் ஸ்பிங்க்ஸ் தோற்கடித்தார். மூன்று சீட்டுகளில் இரண்டில் இருந்த எண்: 143-142.

இங்கிலாந்தில் இதைவிட மெல்லிய கோட்டில் நடந்திருக்கிறது. 1971 மார்ச் 16, வெம்ப்ளி. அந்த நாட்டின் செல்லப்பிள்ளை ஹென்றி கூப்பரை இளைஞர் ஜோ பக்னர் எதிர்த்தார். அங்கே அப்போது ரெஃப்ரி ஒருவர்தான் நடுவரும். ஹாரி கிப்ஸ் கால் புள்ளி வித்தியாசத்தில் பக்னர் கையைத் தூக்கினார். நாடே கொதித்தது. கூப்பர் அத்தோடு ஓய்வு பெற்றார், கிப்ஸுடன் பல வருடங்கள் பேசவே இல்லை. அந்தத் தீர்ப்பு சரியா தப்பா என்று இன்றும் சண்டை போடலாம். ஆனால் கால் புள்ளி கூடுதலாகத் தெரிந்தது என்றால் கால் புள்ளிக்கே கை தூக்குகிற துணிச்சலை நான் மதிக்கிறேன்.

நார்ட்டனைப் போலவே இந்த விவகாரத்தின் இரண்டு பக்கமும் பட்ட இன்னொரு மனிதர் மார்வின் ஹாக்லர். 1979 நவம்பர் 30, லாஸ் வேகாஸ் சீசர்ஸ் பேலஸில் மிடில்வெயிட் சாம்பியன் வீட்டோ அன்டுவோஃபெர்மோவைச் சந்தித்தார். ஆரம்ப ரவுண்டுகளை அள்ளினார், பிற்பாதியில் வேகம் குறைத்தார். ஒருவர் ஹாக்லருக்கு, ஒருவர் அன்டுவோஃபெர்மோவுக்கு, மூன்றாமவர் சமம். டிரா. பட்டம் போய்ச் சேரவில்லை. அதே மேடையில் அதே இரவில் சுகர் ரே லெனார்ட், வில்ஃபிரட் பெனிடெஸைக் கடைசி ரவுண்டில் ஆறு விநாடி மிச்சமிருக்கும்போது வீழ்த்தித் தன் முதல் உலகப் பட்டத்தை வாங்கினார்.

ஹாக்லர் அதன் பிறகு நடுவர்களை நம்பவில்லை. 1980இல் லண்டனில் ஆலன் மின்டரை மூன்றே ரவுண்டில் முடித்துப் பட்டம் வாங்கினார். 12 தடவை அதைக் காப்பாற்றினார். ரொபர்ட்டோ டுரான் ஒருவரைத் தவிர மற்ற யாரையும் முடிவு சீட்டு வரை போகவே விடவில்லை. பிறகு 1987 ஏப்ரல் 6 அன்று அதே சீசர்ஸ் பேலஸில் அவர் எதிரே வந்து நின்றவர் லெனார்ட். ஐந்து வருடத்தில் ஒரே ஒரு சண்டை போட்டிருந்தவர், விழித்திரை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். 12 ரவுண்டு, பெரிய ரிங் என்று பேரம் பேசிக் கேட்டு வாங்கியிருந்தார். ஒவ்வொரு ரவுண்டின் கடைசி அரை நிமிடத்திலும் மடமடவென்று குத்துகளைப் பொழிந்தார். முடிவு: லூ ஃபிலிப்போ ஹாக்லருக்கு 115-113, டேவ் மொரெட்டி லெனார்டுக்கு 115-113, ஜோஜோ கெர்ரா லெனார்டுக்கு 118-110.

118-110 என்பதை எந்த வகையிலும் ஏற்க முடியாது. ஆனால் அந்த ஒரு சீட்டைக் காட்டி, சாம்பியனை இப்படித் தோற்கடிக்கக்கூடாது என்று ஹாக்லர் தரப்பு கேட்டதையும் ஏற்க முடியவில்லை. இடது கை ஆட்டக்காரரான ஹாக்லர் தொடக்க ரவுண்டுகளில் வலது கைக்காரர் போல நின்று ஆடினார், அவற்றைத் தாரை வார்த்தார். அந்த ரவுண்டுகளைப் பட்டம் திருப்பி வாங்கித் தராது. 1979இல் அவர் இழந்த நியாயத்துக்கு 1987இல் லெனார்டிடம் வட்டி வசூலிக்கவும் முடியாது. ஹாக்லர் மறுபடி ரிங்கில் ஏறவே இல்லை. 2021 மார்ச்சில் இறக்கும் வரை தான்தான் ஜெயித்தேன் என்றே சொல்லிவந்தார்.

இந்தச் சாய்வுக்கும் தப்புக்கணக்குக்கும் ஒரு மருந்து கையிலேயே இருக்கிறது. உலகக் குத்துச்சண்டை கவுன்சில் சில சண்டைகளில் நான்காவது, எட்டாவது ரவுண்டு முடிந்ததும் நடுவர்களின் கணக்கை அரங்கத்திலேயே அறிவிக்கிறது. முன்னிலையில் இருப்பவர் அதைக் கேட்டு ஓட ஆரம்பித்துவிடுவார், விறுவிறுப்பு போய்விடும் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். ஓடுவார்கள்தான். ஆனால் பின்தங்கியவர் துரத்துவார், துரத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். சாம்பியனுக்குச் சாதகமாக இழுபறி ரவுண்டுகளை வாரி வழங்குகிற நடுவரின் சீட்டும் எட்டாவது ரவுண்டிலேயே எல்லார் கண்ணிலும் பட்டுவிடும். அமெரிக்கப் பெரு மேடைகள் இன்னும் இதற்குத் தயங்குகின்றன. 1976இல் யாங்கி ஸ்டேடியத்தில் 7-7 என்று யாராவது ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தால், கென் நார்ட்டன் அந்தக் கடைசி மூன்று நிமிடத்தை வேறு மாதிரி ஆடியிருப்பார்.