ரேடியேட்டர் நீரைப் பார்த்து எஞ்சின் நோயை அறியலாம்

திருப்பூர், அவினாசி, பல்லடம், காங்கயம் வட்டாரங்களில் விவசாயிகளின் களத்தில் இன்று டிராக்டரும், பனியன் துணி மூட்டை ஏற்றும் சிறு சரக்கு வண்டியும், காரும் நிற்கின்றன. இவற்றில் பல டர்போ பொருத்திய டீசல் எஞ்சின் கொண்டவை. பெரும்பாலும் கடனில் வாங்கியவை. எஞ்சின் நின்றால் வருமானம் நின்றுவிடும்; தவணை நிற்காது. எஞ்சினைப் பாழாக்கும் கோளாறுகளுள் பல, முன்கூட்டியே ரேடியேட்டர் நீரில் தெரிந்துவிடுகின்றன. அவற்றைக் கண்டறியும் முறைகளை விவசாயிகள் தெரிந்துகொள்வது அவசியம்.

டர்போ எஞ்சினின் தன்மை

வெளியேறும் புகையின் விசையால் சுழன்று, எஞ்சினுக்குள் காற்றை அமுக்கிச் செலுத்தும் கருவியே டர்போ. இதனால் சக்தி கூடுகிறது. கூடவே வெப்பமும் அழுத்தமும் கூடுகின்றன. இந்த வெப்பத்தை நீரும் எண்ணெயும் அடுத்தடுத்த பாதைகளில் ஓடி வெளியேற்றுகின்றன. இரண்டையும் பிரித்து வைப்பவை ஹெட் கேஸ்கட்டும் ஆயில் கூலரின் மெல்லிய தகடுகளும்தான். இவற்றில் பழுது ஏற்பட்டால் நீரும் எண்ணெயும் கலந்துவிடும்.

அறிகுறிகள்

காலையில் எஞ்சின் நன்கு ஆறியிருக்கும்போது மட்டுமே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்தை வேகவைத்துவிடும். நீரில் சிறிதளவு எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் ஓர் இரவு அசையாமல் வைத்துப் பார்க்கவும். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால், ஆயில் கூலரையும் ஹெட் கேஸ்கட்டையும் சந்தேகிக்கலாம். அடியில் செம்மண் போல் துரு படிந்தால், குற்றம் நீரில் உள்ளது.

எஞ்சின் ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் நீரின் அழுத்தத்தைவிட அதிகம். ஆகவே ஆயில் கூலர் ஓட்டையானால் பெரும்பாலும் எண்ணெய்தான் முதலில் நீரில் சேரும். எஞ்சினை நிறுத்தியதும் எண்ணெயின் அழுத்தம் விழுந்துவிடும். சூடான நீரின் அழுத்தம் சற்று நேரம் நிற்கும். அப்போது நீர் எண்ணெய்க்குள் புகலாம். எண்ணெய் அளவுக் கம்பியில் பால் கலந்த டீ நிறம் தெரிந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள். அதன்பின் எஞ்சினை ஓட்டவே கூடாது, பேரிங்குகள் தேய்ந்துவிடும். ஆனால் எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் சிறிது வெண்ணுரை இருந்தால் பயப்பட வேண்டாம். மழை, பனிக் காலங்களில் குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் ஈரக்காற்றினால் இவ்வாறு ஏற்படுவதுண்டு.

எஞ்சினைக் கிளப்பிய சில நிமிடங்களில், சூடேறும் முன்பே மேல் ஹோஸ் கல்லாக இறுகுவதும், ரேடியேட்டரில் தொடர்ந்து குமிழிகள் வருவதும் ஹெட் கேஸ்கட் வழியே எரிவாயு நீரில் புகுவதைக் காட்டும். வெளியே ஒழுக்கு இல்லாமல் நீர் குறைந்துகொண்டே வந்து, சைலன்சரில் வெண்புகை நிற்காமல் வந்தாலும் இதையே சந்தேகிக்க வேண்டும். நீரால் குளிரும் டர்போவாக இருந்தால், அதன் உறையில் வெடிப்பு உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

நொய்யல் பகுதிக்கு உரிய தொல்லை

இப்பகுதியில் எஞ்சினில் பழுது இல்லாமலே நீர் கெடுவதும் உண்டு. பருத்தித் துணிக்குச் சாயமேற்ற ஏராளமான உப்பு தேவை. பல்லாண்டு காலம் அந்த உப்பு கழிவுநீருடன் நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, சுற்றியுள்ள கிணறுகளிலும் இறங்கியது. கழிவுநீர் வெளியேற்றம் அறவே நிற்கும்வரை சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. எனினும் நிலத்தடியில் இறங்கிய உப்பு எளிதில் நீங்குவதில்லை.

தென்னைக்கும் வாழைக்கும் ஆகாத உப்பு நீர் ரேடியேட்டருக்கும் ஆகாது. உப்பு, அலுமினிய ஹெட்டையும் வாட்டர் பம்பையும் அரிக்கிறது. கடின நீரோ உட்புறத்தில் சுண்ணாம்புப் படிவை ஏற்படுத்துகிறது. படிவு வெப்பத்தைத் தடுப்பதால் எஞ்சின் கொதிக்கிறது. கொதித்தால் ஹெட் வளைந்து கேஸ்கட் போகிறது. புது கேஸ்கட் போட்டு மீண்டும் அதே கிணற்று நீரை ஊற்றினால் பழுது திரும்பவும் வரும். கிணற்று நீரை அகன்ற பாத்திரத்தில் கொதிக்கவிட்டு வற்றச் செய்தால் தங்கும் வெண்படிவே அதன் தன்மையைச் சொல்லிவிடும்.

செய்ய வேண்டியவை

ஆலையில் கலந்து வரும் கூலண்டையோ, அல்லது கூலண்டுடன் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரையோ கையேட்டில் கண்ட அளவில் கலந்து ஊற்ற வேண்டும். நம் ஊரில் நீர் உறைவதில்லை என்று கூலண்டைத் தவிர்ப்பது தவறு. அரிப்பைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் அதன் பணிகளே. வகை தெரியாத இரு கூலண்டுகளைக் கலக்கக் கூடாது.

எண்ணெய் கலந்துவிட்டால், பழுதை நீக்கிய பிறகு அதற்குரிய கழுவுதிரவத்தால் பலமுறை அலசி, ஊறிப்போன ரப்பர் ஹோஸ்களை மாற்ற வேண்டும். வடித்த கூலண்டைத் தொட்டியருகிலோ வாய்க்காலிலோ கொட்டக் கூடாது. பெரும்பாலான கூலண்டுகளில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, கொடிய நஞ்சு. மாடும் நாயும் நக்கினால் இறந்துவிடும்.

பட்டறையில் ஹெட்டைக் கழற்றும் முன், ரேடியேட்டரில் கைப்பம்பால் காற்றழுத்தம் ஏற்றிக் கசிவு பார்க்கவும், நீரில் எரிவாயு உள்ளதா என்பதை நிறம் மாறும் திரவத்தால் சோதிக்கவும், ஆயில் கூலரைத் தனியே சோதிக்கவும் கேட்பது நல்லது. பாட்டிலில் பிடித்து வைத்த நீரையும் உடன் எடுத்துச் சென்றால், தேவையின்றி எஞ்சினைப் பிரிக்கும் செலவைத் தவிர்க்க வழியுண்டு.