விளம்பரமும் பொது அறிவிப்பும்

விளம்பரம் என்னுஞ் சொல் விளம்பு என்னும் வினையடியாகப் பிறந்தது. விளம்புதலாவது சொல்லுதல். ஆதலின், ஊரார்க்கு வேண்டுவது உரைத்தலும், விற்றற்பொருட்டுத் தன் பொருளைப் புகழ்தலும் சொல்லளவில் அதனுள் அடங்கும். ஆயினும் இவ்விரண்டும் ஒன்றல்ல. இவற்றிடை எல்லை யாதென இவண் ஆராய்வோம்.

பட்டினப்பாலை புகார்க் கொடிகளை எண்ணுமிடத்துக் கள் விற்குங் கொடியையும் கூறுகின்றது. மணிமேகலையின் விழாவறை காதையில் யானைமேல் முரசேற்றி இந்திர விழா அறிவிக்கப்படுகின்றது. கொடி தன் கடைக்கு ஆள் அழைக்கின்றது. முரசோ, தெருக்களிற் புதுமணல் பரப்புமாறும், 28 நாளும் பகையும் பூசலுமின்றி ஒழுகுமாறும் நகரத்தார்க்கு உரைக்கின்றது. அவ்வறிவிப்பில் ஆளும் மன்னனுக்குரியது அவன் கோல் திரியாதிருக்க என்னும் வாழ்த்தே, புகழுரை அன்று.

பொருள் கொடுத்து வெளியிடுவது விளம்பரம், கொடாது வெளியிடுவது அறிவிப்பு என்பாருமுளர். அது பொருந்தாது; அரசின் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பும் கட்டணம் பெற்றே நாளிதழில் அச்சாகின்றது. செய்தி உண்மை, இன்மை பற்றிப் பிரித்தலும் ஆகாது. 1995-இல் டாட்டா பிரஸ் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், வணிக விளம்பரமும் பேச்சுரிமையுள் அடங்கும் எனவும், அதன்வழிச் செய்தி பெறும் உரிமை மக்கட்கு உண்டு எனவும் தீர்ப்பளித்தது. எனவே விளம்பரத்துள்ளும் செய்தி உண்டு.

இனி, அறிவிப்பினுள் விளம்பரம் புகுதலும் உண்டு. அதுவே பெரிதும் ஆராயத்தக்கது, என்னை? அதற்குச் செலவாவது மக்கள் வரிப்பணம் ஆதலின். 2015-இல் அந்நீதிமன்றம், அரசு விளம்பரங்கள் ஆளுங்கட்சியின் நலத்தை வளர்த்தல் கூடாதென வரையறுத்து, குடியரசுத் தலைவர், தலைமை அமைச்சர், இந்தியத் தலைமை நீதிபதி ஆகியோர் படங்களை மட்டுமே இசைந்தது. 2016-இல் ஆளுநர், முதலமைச்சர், துறையமைச்சர் படங்களுக்கும் இசைவளித்து அவ்வரம்பை நெகிழ்த்தது. படத்தை எண்ணி எல்லை வகுத்தலின் அருமை இதனாற் புலனாகும்.

ஆகவே பிறிதோர் அளவையை யாம் முன்வைக்கின்றோம். சொல்லுவோன் பெயரையும் உருவத்தையும் நீக்குக. அதன்பின்னும் கேட்போன் அறிந்து ஒழுகத்தக்கது எஞ்சுமாயின் அஃது அறிவிப்பு, எஞ்சாதாயின் விளம்பரம். கடையின்றேல் கள்ளின் கொடிக்குப் பயனில்லை. தடுப்பூசி அறிவிப்பில் அமைச்சர் படத்தை நீக்கினும் நாளும் இடமும் நிற்கும். சாதனை கூறும் முழுப்பக்கத்தில் அதனை நீக்கின், பெரும்பாலும் எஞ்சுவது வெற்றிடமே. அவ்வெற்றிடத்திற்கும் மக்களே விலை கொடுக்கின்றனர் என்பது கருதத்தக்கது.