பதினெட்டுப் பேர் கூடிய 'பத்து'

வாழைச்சேனையைக் கடந்து, திருகோணமலை வீதியில் வடக்கு நோக்கிச் செல்வோர் மாங்கேணியை அறிவர். வலப்புறத்தே வங்கக் கடல்; அதன் கரையெங்கும் வெண்மணல்; அம்மணலிலே இரண்டு கம்பங்களை நட்டு, பழைய மீன்வலையைக் குறுக்கே கட்டி, ஊர்ப் பிள்ளைகள் கரப்பந்தாடிக் கொண்டிருந்த ஒரு மாலைப் பொழுதில் நாமும் அங்கே போய்ச் சேர்ந்தோம். விடுமுறைக்கு வந்திருந்த பல்கலைக்கழக மாணவர் ஒருவர், நடுவராக நின்ற முதிய ஆசிரியரிடம், "ஐயா, அமெரிக்காவிலே பசிபிக் கரைப் பல்கலைக்கழகமொன்று அத்திலாந்திக் கரைக் கூட்டமைப்பிலே சேர்ந்து விளையாடுதாம்!" என்றார்.

"அதெப்படி மனே? மாங்கேணிப் பொடியன் மன்னார்க் கடலிலே வலை வீசப் போன மாதிரியெல்லோ இருக்கு!" என்று பெரியவர் நகைத்தார்.

நகைப்புக்கிடமான செய்திதான், ஆயினும் சிந்தனைக்கும் உரியது. நம் வீட்டுப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் புகுந்து பந்தெடுத்து ஆடும் காலமாதலின், அதன் வரலாற்றைச் சற்றே விரித்துரைப்பது பயனுடையதாகும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தம்முள் விளையாடுவதற்காகச் சிறு சிறு கூட்டமைப்புகளை ஏற்படுத்திக் கொண்டுள்ளன. அவற்றுள் மூத்ததும் புகழ் மிக்கதும் 'பெரிய பத்து' என வழங்குவது. அது பிறந்த காரணம் பலருக்கு வியப்பளிக்கும். அக்காலத்தில், படிப்போடு தொடர்பே இல்லாத கூலி ஆட்டக்காரரை மாணவர் என்று சொல்லிக் களத்திலிறக்கும் வழக்கம் மலிந்திருந்தது. அதற்கு முடிவு கட்டவே 1895 ஜனவரியில் ஏழு பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் சிக்காகோ நகரில் ஒன்றுகூடினர். முழுநேர மாணவராயிருப்போரும், படிப்பில் பின்தங்காதோருமே விளையாடலாம் என்பது அவர்கள் வகுத்த விதி. அடுத்த ஆண்டில் கூட்டமைப்பு உருப்பெற்றது. ஆகவே பணத்துக்காகவன்று, படிப்பைக் காப்பதற்காகவே அது தோன்றியது என்பதை நாம் மறத்தலாகாது.

புதிய உறுப்பினரைச் சேர்க்கும்போது பல்கலைக்கழகத் தலைவர்கள் கூடி வாக்களிப்பர். வருவோரின் கல்வித்தரம் எத்தகையது, ஆராய்ச்சியில் பெயர் பெற்றவரா, பக்கத்து மாநிலத்தவரா என்றெல்லாம் பார்த்தனர். 1899 இல் இந்தியானாவும் அயோவாவும், 1912 இல் ஒகையோவும் வந்தன. இடையில் விலகியிருந்த மிசிகன் 1917 இல் மீண்டும் வந்தபோது உறுப்பினர் பத்தாயினர். தொடங்கியோருள் ஒன்றான சிக்காகோப் பல்கலைக்கழகமோ 1939 இல் தன் உதைபந்துக் குழுவையே கலைத்துவிட்டு, 1946 இல் கூட்டமைப்பினின்றும் விலகிற்று. அதனால் அதன் கல்விப் புகழ் மங்கியதா? இல்லை. இன்றும் உலகின் முன்னணிப் பல்கலைக்கழகங்களுள் ஒன்றாகவே அது விளங்குகின்றது. (அமெரிக்கர் உதைபந்து என்பது நமது ஆட்டமன்று, முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி, மோதிக்கொண்டு ஓடும் ஆட்டம்.)

பின்னர் தொலைக்காட்சி வந்தது. தெரிவு செய்யும் கண்ணும் மாறிற்று. எந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்த்தால் எந்தப் பெருநகரத்து வீடுகளில் ஆட்டம் பார்க்கப்படும் என்பதே முதற் கேள்வியாயிற்று. 2014 இல் மேரிலாந்தும் ரட்கர்சும் சேர்க்கப்பட்டபோது, வாசிங்டன், நியூயோர்க் ஆகிய நகரங்களின் இரசிகர் கூட்டம் கணக்கிலெடுக்கப்பட்டமை ஊரறிந்த செய்தி. 2022 இல் இக்கூட்டமைப்பு செய்துகொண்ட ஏழாண்டு ஒளிபரப்பு உடன்படிக்கையின் பெறுமதி எழுநூறு கோடி டொலருக்கும் மேல் எனப் பத்திரிகைகள் எழுதின. 2024 இல் பசிபிக் கரையிலிருந்து நான்கு பல்கலைக்கழகங்கள் வந்து புக, 'பெரிய பத்தின்' உறுப்பினர் தொகை பதினெட்டாயிற்று! பெயர் மட்டும் பத்தாகவே நிற்கின்றது.

வந்தவர் கதை இவ்வாறாக, விடப்பட்டவர் கதை வேறு. நூறாண்டுப் பாரம்பரியம் பேசிய 'பசிபிக் 12' என்னும் கூட்டமைப்பில் அவ்வாண்டு எஞ்சியவை இரண்டே: ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் வாசிங்டன் மாநிலப் பல்கலைக்கழகமும். அவை கல்வியிற் குறைந்தவையல்ல, விளையாட்டிற் சோர்ந்தவையுமல்ல. பெருநகரத்தில் அமையாமையே அவை செய்த குற்றம். புதிய துணைகளைத் தேடி, வீட்டை அத்திவாரத்திலிருந்து மீண்டும் கட்டவேண்டிய நிலை அவற்றுக்கு ஏற்பட்டது.

அதே ஆண்டிலேயே ஸ்ரான்போர்ட், கலிபோர்னியா ஆகிய இரு பெரும் பல்கலைக்கழகங்கள், வருவாயிற் குறைந்த பங்கை ஏற்றுக்கொண்டு அத்திலாந்திக் கரைக் கூட்டமைப்பிற் சேர்ந்தன. ஸ்ரான்போர்டிலிருந்து அக்கூட்டமைப்பைச் சேர்ந்த பொஸ்ரனுக்குத் தொலைவு நாலாயிரம் கிலோமீற்றருக்கு மேல். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை நமது நாட்டின் நீளம் ஏறக்குறைய 430 கிலோமீற்றர்தான். பணம் ஈட்டித் தருவது உதைபந்து. ஆயினும் கரப்பந்தாடும் பெண்பிள்ளைகளும் அந்த நெடும்பயணத்திற் பங்கெடுத்தாக வேண்டும். விமானத்திலே பாடநூலை விரித்து, நள்ளிரவில் விடுதி திரும்பி, மறுநாட் காலை விரிவுரைக்குச் செல்வதென்றால் எத்துணைக் களைப்பு! மாணவரின் படிப்பைக் காக்கப் பிறந்த ஏற்பாடு, அப்படிப்புக்கே சுமையாகலாமா? அகலக் கால் வைப்பதன் ஆபத்தை நம் முன்னோர் சும்மாவா சொல்லி வைத்தனர்?

இன்னொன்றும் இழக்கப்பட்டது. ஒக்லகோமா மாநிலத்தில் ஏறக்குறைய 130 கிலோமீற்றர் இடைவெளியில், மட்டக்களப்பும் திருகோணமலையும் போல, இரண்டு பல்கலைக்கழகங்கள் உள்ளன. 1904 இல் தொடங்கிய அவற்றின் உதைபந்துப் போட்டி, 1910 முதல் ஆண்டு தவறாமல் நடந்து வந்தது. ஒன்று வேறு கூட்டமைப்புக்குப் போகவே, 2023 உடன் அவ்வாண்டுப் போட்டி நின்றுபோயிற்று.

1904 என்றதும் யாழ்ப்பாணத்தார் மனம் துள்ளும். யாழ் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்குமிடையே 'வடக்கின் பெரும்போர்' என்னும் துடுப்பாட்டம் தொடங்கியதும் அவ்வாண்டிலேயே! போர்க்காலத்து இடையூறுகளையும் தாண்டி அது இன்றும் நடைபெறுகின்றது. பாட்டன் ஆடிய போட்டியிற் பேரன் ஆடுகின்றான். கோடிக்கணக்கான டொலர் புரளும் நாட்டில் அறுந்துபோன கயிறு, வறுமையும் போரும் கண்ட நம் மண்ணில் அறாமல் நிற்கிறதென்றால், அயலிலுள்ள எதிராளியே ஒரு விளையாட்டுக் குழுவின் பெருஞ்செல்வம் என்பது விளங்கும்.

அமெரிக்காவிடம் நாம் கற்க ஒன்றுமில்லை என்பதன்று நமது கருத்து. கூடைப்பந்தாட்டம் 1891 இல் அங்கே பிறந்ததுதான். 1948 இல் அந்நாட்டிலிருந்து இலங்கைக்கு வந்த இயேசு சபைத் துறவி யூஜின் ஜோன் ஹேபர் அடிகளார், மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரி மாணவரைக் கூடைப்பந்தாட்டத்திற் பயிற்றி நாடறியச் செய்தவர். 1990 ஓகஸ்டில், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட அப்பெரியார் வீடு திரும்பவேயில்லை. ஒளிபரப்புப் பணம் எதுவுமின்றி, ஒரு மனிதரின் உழைப்பினால் ஒரு விளையாட்டு இம்மண்ணில் வேரூன்றிற்று.

இனி, நம் பல்கலைக்கழகங்களைப் பார்ப்போம். 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் ஒன்றே இருந்தது. 1974 இல் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. 1981 இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் தொண்ணூறுகளில் எழுந்தது. 2021 இல் வவுனியாவும் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பல்கலைக்கழகங்களுக்கிடையிலான தேசியப் போட்டிகளிற் பழையதும் புதியதும் ஒரே களத்திலிறங்குகின்றன. பெருநகரத்தைச் சேர்ந்ததா என்று கேட்டுக் கதவடைக்கும் வழக்கம் இங்கில்லை. அது போற்றத்தக்கது.

ஆயினும் நாடளாவிய போட்டி எப்போதோ ஒருமுறை வருவது. பிள்ளைகள் திறமை பெற வேண்டுமாயின் மாதந்தோறும் ஆட வேண்டும். ஒலுவில், வந்தாறுமூலை, திருகோணமலை வளாகம் ஆகிய மூன்றும் ஒரே கரையோர வீதியில் அமைந்தவை. காலையிற் புறப்பட்டால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பகலுக்குள் போய்ச் சேரலாம். இம்மூன்றும் தமக்குள் ஆண்டு முழுவதும் நடைபெறும் ஒரு கரையோரப் போட்டித் தொடரை ஏற்படுத்திக்கொண்டால் என்ன? தமிழ், முஸ்லிம், சிங்கள மாணவர் ஒருவரையொருவர் களத்திலே அறிந்துகொள்ளும் வாய்ப்பும் அதனால் வாய்க்கும். பின்னர் வேறொரு நிறுவனம் சேர விரும்பினால், கேட்கவேண்டிய கேள்விகள் சிலவே: ஆடச் செல்லும் மாணவர் மறுநாள் வகுப்புக்குத் திரும்ப முடியுமா? பெண்பிள்ளைகளுக்கும் சமமான இடம் உண்டா? புதியவருக்காகப் பழைய அயலவரைக் கைவிட நேருமா? இவற்றுக்குத் தக்க விடை கிடைக்குமாயின் வாயிலைத் திறக்கலாம்; அன்றேல் பொறுத்திருக்கலாம்.

இவ்வாறெல்லாம் நாம் பேசி முடிப்பதற்குள் மாங்கேணியில் இருள் சூழத் தொடங்கிற்று. 2004 இன் ஆழிப்பேரலையையும், அதன்பின் போரினால் நேர்ந்த இடப்பெயர்வையும் கண்ட கரை அது. ஆட்டக்காரர் போதாமையால் ஒரு பக்கத்தில் நால்வர், மறுபக்கத்தில் ஐவர். அந்த ஐவரில் ஒருத்தி பன்னிரண்டு வயதுச் சிறுமி.

"திருகோணமலைக்குப் போகும் விளையாட்டுக்காரரின் பஸ் இவ்வழியாலேதான் போகவேண்டும், இங்கே ஒரு பத்து நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள்" என்றார் ஆசிரியர்.

எத்தனை பேர் சேர்ந்த கூட்டமைப்பு என்பதை அச்சிறுமி கேட்கப் போவதில்லை. பந்தை எதிர்ப்பக்கத்திலிருந்து திருப்பி அடிக்க, எட்டும் தொலைவில் ஒருவர் வேண்டும். அவளுக்கு அது போதும்.