தயங்கும் நெஞ்சுக்கு ஒரு துணை

“வேலை நன்றாகத் தெரியும், ஆனால் நாலு பேர் முன்னிலையில் பேச நா எழுவதில்லை.” ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் இவ்வாறு வருந்தும் இளைஞர் பலரைக் காண்கிறோம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒலிக்கும் இவ்வெல்லைப்புறத்தில், ஆங்கிலம் சரளமாக வரவில்லை என்பதற்காகவே மேற்பார்வையாளர் பதவிக்கு விண்ணப்பிக்காமல் ஒதுங்குவோரும் உண்டு. உயர்வு கைநழுவுகிறது, குடும்பமும் இருந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

தன்னம்பிக்கை பிறவிக் குணமன்று, பழக்கத்தால் வளர்வது. இதற்கு ஓசூரே சான்று. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா குழுமமும் 1984இல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் நிறுவனம், தன் கைக்கடிகாரத் தொழிற்சாலையை இங்கே நிறுவியது. அனுபவசாலிகளை மட்டுமே நாடாமல், பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பிள்ளைகளைச் சேர்த்து நுட்பமான தொழிலைப் பயிற்றுவித்தது. வீட்டைப் பிரிந்து வந்த அவர்களைக் கவனிக்க வளர்ப்புப் பெற்றோரையும் ஏற்பாடு செய்தது. அந்நிறுவனமே 2002இல் 3.5 மில்லிமீட்டர் கனமே உள்ள ‘எட்ஜ்’ கடிகாரத்தை வெளியிட்டது. முதலில் துணிவு வந்து, பிறகு திறமை வந்ததா? இல்லை, கை பழகப் பழகவே நெஞ்சு நிமிர்ந்தது.

விவிலியத்திலும் இதையே காண்கிறோம். தமக்கு நாவன்மை இல்லை என்று மோசே தயங்கினார். இறைவன் அவருக்கிட்ட பணியைத் திரும்பப் பெறவில்லை. ஆரோனைத் துணையாகத் தந்தார். தயங்குகிறவனுக்குத் தேவை ஏச்சன்று, துணை.

ஆகவே இளைஞரே, வாரந்தோறும் ஒரு புதிய வேலையைக் கற்றுக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அதிகாரியிடம் கூற வேண்டியதை மூன்று வாக்கியங்களில் எழுதி, வீட்டில் உரக்கச் சொல்லிப் பாருங்கள். புரியாததைக் கேட்பது இழிவன்று. ஞாயிறு திருப்பலியில் வாசகம் வாசிக்க முன்வாருங்கள். சபை நடுக்கம் அங்கே தெளியும். 1925இல் பெல்ஜியத்தில் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கிய கார்டைன் அடிகளாரும், தொழிலாளரைச் சிறு குழுக்களாகக் கூட்டி, தம் வாழ்வைத் தாமே கண்டு, ஆய்ந்து, செயற்படவே பழக்கினார்.

பெற்றோரே, “நமக்கெல்லாம் இது எதற்கு?” என்னும் ஒரு சொல் பிள்ளையின் பல நாள் முயற்சியை முறித்துவிடும். வேலை முடிந்து வரும் மகனிடமோ மகளிடமோ சம்பளத்தைப் பற்றி மட்டும் வினவாமல், “இன்று என்ன கற்றாய்?” என்றும் கேட்போமா? நம் இல்லத்து மோசேக்கு நாமே ஆரோனாவோம்.