முதலாளி நெஞ்சிலிருந்து பியூன் நெஞ்சுக்கு

பழைய தமிழ்ப் படங்களில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்பவர் பெரும்பாலும் பங்களாக்காரர்தான். மில் முதலாளி, ஜமீன்தார், மகளின் காதலைக் கேட்டு அதிரும் அப்பா. ஏழைக் கதாநாயகனுக்குக் காசநோய். இருமி இருமி ரத்தம் கக்குவான். மாரடைப்பைப் பணக்கார வியாதி என்றே ஊர் நம்பியது.

மருத்துவர்களும் அப்படித்தான் நம்பினார்கள். 1910இல் புகழ்பெற்ற மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் ஆற்றிய உரைகளில், நெஞ்சுவலிக்காரர் என்றால் ஓயாமல் உழைக்கும், முன்னேறத் துடிக்கும் மனிதர். அவரிடம் வந்தவர்களில் மருத்துவர்களும் கணிசம். (கூலிக்காரன் ஆஸ்லரைப் பார்க்க எங்கே போவான் என்ற கேள்வியும் இருக்கிறது.) ஆனாலும் அது வெறும் பிரமை அல்ல. இங்கிலாந்து, வேல்ஸ் இறப்புப் பதிவுகளில் 1931 வரைகூட ஆண்களிடம் இதயநோய் மேல்தட்டில்தான் அதிகம். 1961இல் பார்த்தால் கணக்கு தலைகீழ்.

அந்த மாற்றத்தை அருகில் வைத்துக் காட்டியது வைட்ஹால் ஆய்வு. 1967இல் தொடங்கி, லண்டனின் அரசு ஆண் ஊழியர்கள் சுமார் 17,500 பேரைத் தொடர்ந்தார்கள். எல்லோருக்கும் மாதச் சம்பளம், ஓய்வூதியம், இலவச மருத்துவம். பட்டினி கிடந்தவர் யாருமில்லை. ஆனாலும் ஏழரை ஆண்டுகளில், உயர் அதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்கள் 3.6 மடங்கு இதயநோயால் இறந்தார்கள். கோப்பில் கையெழுத்திடும் அதிகாரி பிழைத்தார். அந்தக் கோப்பைத் தூக்கிச் சென்ற பியூன் போய்ச் சேர்ந்தார். புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் கழித்த பிறகும் பெரும் இடைவெளி மிஞ்சியது. தன் வேலையைத் தானே தீர்மானிக்க முடியாத நிலையும் இதயத்தைத் தாக்குகிறது என்று, மைக்கேல் மார்மட் குழுவினர் பின்னர் நடத்திய இரண்டாம் வைட்ஹால் ஆய்வு காட்டியது.

பதவிக்கு முன்னால் படிப்பு இருக்கிறது அல்லவா? அமெரிக்காவில் நான்கு இடங்களில் 1987 முதல் கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பின்தொடரப்பட்ட ஏறத்தாழ 14,000 பேரின் கணக்கு 2017இல் வெளிவந்தது. 45 வயதிலிருந்து 85 வயதுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ இதயச் செயலிழப்போ வரும் வாய்ப்பு, தொடக்கப் பள்ளியோடு நின்ற ஆண்களுக்கு 59 சதவீதம். மேற்படிப்பு முடித்தவர்களுக்கு 42. பெண்களிடம் இடைவெளி இன்னும் அகலம்: 51க்கு எதிரே 28. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பெற்றோர் எவ்வளவு படித்திருந்தாலும், குடும்ப வருமானம் எதுவானாலும், தான் கூடுதலாகப் படித்தவருக்கு ஆபத்து குறைவாகவே இருந்தது. அப்பன் படிக்காத வீட்டுப் பிள்ளைக்கும் அது பொருந்தும்.

நம் நாட்டிலும் நீண்ட நாள் 'இங்கே இன்னும் பணக்கார வியாதிதான்' என்று பேசிக்கொண்டிருந்தோம். ராஜஸ்தான் கிராமங்களை ஆராய்ந்த ராஜீவ் குப்தா குழு, படிக்காதவர்களிடம்தான் இதயநோய் அதிகம் என்று 1994இலேயே எழுதியது. 2019இல் வெளியான இருபது நாடுகளின் ஆய்வு இன்னும் கசப்பானது. இந்தியா போன்ற நாடுகளில் படிப்புக் குறைந்தவர்களுக்குக் கொழுப்பு முதலான ஆபத்துக் காரணிகள் மொத்தத்தில் குறைவு. ஆனால் மாரடைப்பும் சாவும் அதிகம். அவர்களுக்குக் கிடைத்த மருத்துவம் அவ்வளவு மோசம்.

2008இல் வெளியான இந்திய மருத்துவமனைப் பதிவேடும் இதையே சொன்னது. மாரடைப்பு முதலான இதய அவசரங்களோடு சேர்ந்த ஏழைகளில் 8.2 சதவீதம் பேர் முப்பது நாளுக்குள் இறந்தார்கள், வசதியானவர்களில் 5.5. கிடைத்த சிகிச்சையைக் கணக்கில் எடுத்ததும் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. ஆகவே, 'படிக்காத ஜனங்கள், சொன்னால் கேட்கமாட்டார்கள்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குறை நாம் தரும் வைத்தியத்தில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்புக்கான முதல் வேளை மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்துவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். உங்கள் குடியிருப்பின் காவலாளி அண்ணனிடமும் வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமும் இதைச் சொல்லிவையுங்கள். நெஞ்சு அழுத்தினால் வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்காமல், உடனே 108ஐ அழைக்கச் சொல்லுங்கள்.